பாரிமுனையில் நீங்கள், தண்டையார்பேட்டையில் உங்கள் கணினி: நடுவில் நிற்கும் ப்ராக்ஸி எப்படி வேலை செய்கிறது?

தம்பு செட்டித் தெருவில் அலுவலகம். வீடு தண்டையார்பேட்டையில், நாலைந்து கிலோமீட்டர் தூரம். மதியம் மூன்று மணிக்கு ஒரு கோப்பு அவசரமாக வேண்டும். அது வீட்டு டெஸ்க்டாப்பில் கிடக்கிறது. அலுவலகக் கணினியில் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து வீட்டு முகவரியை அடித்தால், கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு இணைக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. அதே கணினியில் வங்கித் தளம் திறக்கிறது, ரயில் டிக்கெட் தளம் திறக்கிறது. நெட் இருக்கிறது, வீடு மட்டும் எட்டவில்லை.

நடுவில் மூன்று தடுப்புகள் இருக்கின்றன: அலுவலகத்தின் ஃபயர்வால், அதோடு சேர்ந்து நிற்கும் ப்ராக்ஸி, வீட்டுப் பக்கம் பிராட்பேண்ட் நிறுவனம் எழுப்பியிருக்கும் இன்னொரு சுவர். மூன்றையும் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பேச்சை முதலில் ஆரம்பிப்பது யார்?

அதற்கு முன்பு அனுமதி. அலுவலக நெட்வொர்க் உங்களுடையது அல்ல. அதன் பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் ஒரு நெட்வொர்க்கை அணுகுவதும் அதிலிருந்து தரவை எடுப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவின்படி இழப்பீட்டுக்கு உரியவை. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் வரை போகாவிட்டாலும் வேலை போகலாம். ஐடி பிரிவுக்கு நாலு வரி மெயில் போடுங்கள்: எந்த மென்பொருள், எந்த முகவரி, எந்த போர்ட், எந்த நேரத்தில். 'வீட்டுக் கணினியைப் பார்க்க மட்டுமே, அலுவலகக் கோப்பு எதுவும் வெளியே போகாது' என்றும் எழுதுங்கள். பொதுவாக 'நெட் திறந்து விடுங்கள்' என்று கேட்டால் மறுப்பார்கள். ஒரு முகவரி, ஒரு போர்ட் என்று கேட்டால் சிஸ்டம் அட்மினுக்கு அது ஒரு வரி வேலை. மறுத்துவிட்டால் அதோடு விட்டுவிட்டு, உங்கள் சொந்தப் போனின் மொபைல் டேட்டாவில் வீட்டைத் தொடுங்கள். அலுவலக லேப்டாப்பைப் போன் ஹாட்ஸ்பாட்டில் மாட்டுவது மட்டும் வேண்டாம். அலுவலகச் சுவரில் நீங்களே ஓட்டை போடுவதற்குச் சமம் அது.

துறைமுக கேட்டும் கிளியரிங் ஏஜென்டும்

துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருந்து வெளியே போகிறவரைக் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். அவர் திரும்பி வரும்போது குறிப்பைப் பார்த்து உள்ளே விடுகிறார்கள். வெளியிலிருந்து புதிதாக ஒருவர் வந்து நின்றால், பாஸ் இல்லாமல் கால் வைக்க முடியாது. ஃபயர்வால் செய்வதும் இதைத்தான். உள்ளேயிருந்து கிளம்பிய ஒவ்வொரு இணைப்பையும் ஒரு அட்டவணையில் எழுதி வைக்கிறது. பதில் வந்தால் அட்டவணையோடு ஒத்துப்பார்த்து விடுகிறது. அட்டவணையில் இல்லாதது கேட்டிலேயே நின்றுவிடும்.

வெளியே போகிறவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு: எந்தக் கதவுக்குப் போகிறாய்? ஒரு கணினிக்கு முகவரி ஒன்றுதான், ஆனால் அதற்கு எண்ணிட்ட கதவுகள் நிறைய. அவற்றுக்குத்தான் போர்ட் என்று பெயர். சாதாரண இணையத் தளம் 80-இல், பூட்டுப் போட்ட (https) தளம் 443-இல், தூரத்துக் கணினிக்குள் பூட்டுப் போட்ட வழியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் 22-இல், விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் 3389-இல், அதைப் போலவே தூரத்துத் திரையைக் காட்டும் விஎன்சி 5900-இல் காத்திருக்கும். பெரும்பாலான அலுவலகங்களில் வெளியே போக அனுமதி 80-க்கும் 443-க்கும்தான். உங்கள் ரிமோட் டெஸ்க்டாப் 3389-க்குப் போகப் பார்த்தது, கேட்டில் நிறுத்தினார்கள். இணையத் தளம் திறந்து, வீடு திறக்காததற்கு முதல் காரணம் இது.

ப்ராக்ஸி இதைவிட ஒரு படி மேலே. அது கிளியரிங் ஏஜென்ட் மாதிரி. சரக்குக்கு உரியவர் கஸ்டம்ஸ் மேஜைக்கு நேரே போவதில்லை. தாளை ஏஜென்டிடம் கொடுக்கிறார், ஏஜென்ட் போய் முடித்து வருகிறார். ப்ராக்ஸி உள்ள அலுவலகத்தில் உங்கள் கணினி வெளியுலகத்தோடு நேராகப் பேசுவதே கிடையாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கட்டளைத் திரையில் ஏதாவது ஒரு வெளித் தளத்துக்கு பிங் அடித்துப் பாருங்கள். பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்து, பிரவுசரில் மட்டும் அதே தளம் திறந்தால், நடுவில் ப்ராக்ஸி இருக்கிறது. பெயரை முகவரியாக மாற்றும் வேலையைக்கூட ப்ராக்ஸியே செய்கிறது. உங்கள் கணினிக்கு அந்த முகவரி தெரியவே தெரியாது. இந்தச் சின்ன விஷயம் பிறகு ஒரு இடத்தில் காலை வாரும், நினைவில் வையுங்கள்.

கனெக்ட் என்ற ஒரு வரி

பூட்டுப் போட்ட தளத்தின் உள்ளடக்கத்தைச் சாதாரணமாக ப்ராக்ஸியால் படிக்க முடியாது. பிறகு எப்படி நடுவில் நின்று வேலை பார்க்கிறது? பிரவுசர் ப்ராக்ஸிக்கு ஒரே ஒரு வரி அனுப்புகிறது: கனெக்ட், தளத்தின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, 443. ப்ராக்ஸி அந்த முகவரியில் அந்தக் கதவைத் தட்டுகிறது. திறந்தால், பிரவுசருக்கு 200 என்ற எண்ணோடு 'இணைப்பு கிடைத்தது' என்று ஒரு வரி, பிறகு ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரிக்குப் பிறகு ப்ராக்ஸி வாயைத் திறப்பதில்லை. இந்தப் பக்கம் வருவதை அந்தப் பக்கம் தள்ளுகிறது, அந்தப் பக்கம் வருவதை இந்தப் பக்கம். சீல் வைத்த கன்டெய்னரை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோவது போல. ஓட்டுநருக்கு உள்ளே என்ன என்று தெரியாது.

முழு விஷயமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கனெக்ட் வரியில் யார் பெயரை எழுதினாலும் ப்ராக்ஸி அங்கே குழாய் போட்டுத் தரும். அது வங்கியாக இருக்கலாம், உங்கள் வீடாகவும் இருக்கலாம். கட்டுப்பாடு பெரும்பாலும் போர்ட்டில் இருக்கிறது. நிறைய இடங்களில் பயன்படும் ஸ்குவிட் என்ற ப்ராக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வழக்கமாக 3128 என்ற போர்ட்டில் உட்கார்ந்திருக்கும்; அதோடு வரும் அமைப்புக் கோப்பின்படி கனெக்ட் வரியை 443-க்கு மட்டுமே ஏற்கும். 22-ஐக் கேட்டால் 403, அனுமதி இல்லை. ரிமோட் டெஸ்க்டாப்பை எஸ்எஸ்எச் குழாய்க்குள் வைத்துத்தான் கொண்டுவரப் போகிறோம். ஆகவே வீட்டில் எஸ்எஸ்எச் 22-இல் காத்திருந்தால் பயனில்லை, வெளியிலிருந்து பார்க்கும்போது 443-இல் இருக்க வேண்டும்.

ஆனால் போர்ட்டை மாற்றினால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இப்போதைய ஃபயர்வால்கள் கதவு எண்ணோடு நிற்பதில்லை, முதல் சில எழுத்துகளையும் பார்க்கின்றன. எஸ்எஸ்எச் பேச்சைத் தொடங்கும்போதே தன் பெயரையும் 2.0 என்ற பதிப்பு எண்ணையும் பூட்டில்லாமல், வெளிப்படையாகச் சொல்லிவிடும். பூட்டுப் போட்ட இணையப் பேச்சு அப்படித் தொடங்காது. அதன் முதல் பைட்டின் மதிப்பு 22. இணைப்பு 200 என்று கிடைத்து, அடுத்த நொடியே அறுந்தால், உங்கள் எஸ்எஸ்எச்சை அடையாளம் கண்டு வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அதை மறைக்க வழி தேட வேண்டாம். விதியை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்; திரும்ப ஐடி பிரிவிடமே போய்க் கேட்பதுதான் சரி.

இன்னும் ஒரு வகை உண்டு. சில அலுவலகங்களில் கன்டெய்னரின் சீலையே உடைத்து, உள்ளே பார்த்து, தங்கள் சீலை வைத்து அனுப்புவார்கள். தெரிந்துகொள்ள, பிரவுசரில் ஏதாவது ஒரு வங்கித் தளத்தைத் திறந்து முகவரிக்கு இடது ஓரத்தில் உள்ள குறியை அழுத்தி, சான்றிதழை வழங்கியவர் யார் என்று பாருங்கள். அங்கே உங்கள் கம்பெனியின் பெயரோ, ஃபயர்வால் தயாரிப்பாளரின் பெயரோ இருந்தால், பூட்டுப் போட்ட பேச்சையும் படிக்கிறார்கள். அந்தக் கணினியில் வீட்டு விஷயம் எதையும் தொடாமல் இருப்பதே நல்லது.

வீட்டுப் பக்கத்துச் சுவர்

பலரும் அலுவலகத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டு இங்கேதான் தோற்கிறார்கள். வட சென்னையில் உள்ளூர் கேபிள்காரர் மூலமாக வரும் ஃபைபர் இணைப்புகள் பரவலாக உண்டு. அப்படிப்பட்ட இணைப்பில் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரி இல்லாமல் போகலாம். பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள். சிஜிநாட் என்று அதற்குப் பெயர். 2012-இல் இதற்கென்றே ஒரு முகவரித் தொகுப்பை ஒதுக்கினார்கள்: 100.64-இல் தொடங்கி 100.127 வரை.

வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். பிரவுசரில் 192.168.1.1 அல்லது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை அடித்து உள்ளே போங்கள். வேன் (WAN) அல்லது இன்டர்நெட் ஸ்டேட்டஸ் என்ற பக்கத்தில் ஒரு ஐபி முகவரி இருக்கும், எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 'என் ஐபி என்ன' என்று தேடி, வெளியுலகம் பார்க்கும் முகவரியை எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பொது முகவரி உங்களுக்கு இருக்கிறது. ரவுட்டரில் 100.72 என்றோ 10 என்றோ தொடங்கி, வெளியே வேறு எண் காட்டினால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அந்த நிலையில் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வர முடியாது. தெருமுனை கேட்டே பூட்டியிருக்கும்போது வீட்டு வாசலைத் திறந்து வைத்து என்ன பயன்? நிறுவனத்திடம் மாதக் கட்டணத்தில் ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத பொது முகவரி, கேட்கலாம். இல்லையென்றால் பின்னால் சொல்லப்போகும் நடுவழியைப் பிடிக்கலாம்.

பொது முகவரி உள்ளவர்களுக்கான வேலை இது. முதலில் ரவுட்டரின் டிஎச்சிபி (வீட்டுக் கருவிகளுக்கு உள்முகவரி கொடுக்கும் வசதி) பக்கத்தில் உங்கள் கணினிக்கு நிரந்தர உள்முகவரி, உதாரணமாக 192.168.1.10, ஒதுக்குங்கள். செய்யாவிட்டால் ஒருநாள் முகவரி மாறி, இணைப்பு வீட்டு டிவிக்குப் போய் நிற்கும். அடுத்து போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியே ஒரு கதவில் தட்டுவதை உள்ளே ஒரு கணினிக்குத் திருப்பிவிடுவது: வெளியே 443, உள்ளே 192.168.1.10-இல் 22. ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் வெளிப்பக்கமாகவும் 443-ஐப் பிடித்து வைத்திருந்தால் மோதும். அந்த வெளி நிர்வாக வசதியை எப்படியும் அணைத்து வைப்பதே பாதுகாப்பு. ரவுட்டரை அணைத்துப் போட்டால் பொது முகவரி மாறக்கூடும், அதனால் மாறும் முகவரிக்கு மாறாத பெயர் தரும் டைனமிக் டிஎன்எஸ் சேவையில் ஒரு பெயரை எடுத்து ரவுட்டரிலேயே பதிந்துவிடுங்கள்.

செய்து முடித்ததும் வீட்டு வைஃபையிலிருந்தே சோதித்துப் பார்த்து ஏமாற வேண்டாம். பல ரவுட்டர்கள் உள்ளே இருந்து கிளம்பி தன் பொது முகவரிக்கே திரும்பி வருவதைக் கையாளாது. சரியாக இருப்பதும் தப்பாகத் தெரியும். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

புட்டி (PuTTY) மென்பொருளில் நிரப்ப வேண்டியது

வீட்டில் விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் இருக்கும், சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்த பிறகு சர்வீசஸ் பக்கத்தில் அதைத் தானாகத் தொடங்கும்படி வைக்க வேண்டும். இதை மறந்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் மாயமாகிவிடும். பாஸ்வேர்ட் வழி நுழைவை அணைத்துவிட்டு, ஈடி25519 வகைச் சாவி ஜோடி (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் இரண்டு கோப்புகள்) உருவாக்கி அதால் மட்டும் நுழையுங்கள். இணையத்தில் திறந்திருக்கும் எஸ்எஸ்எச் கதவை முன்பின் தெரியாத கணினிகள் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும். பாஸ்வேர்ட் இருந்தால் என்றாவது ஒருநாள் ஊகித்துவிடுவார்கள்.

அலுவலகப் பக்கம் புட்டி, எஸ்எஸ்எச் இணைப்பைத் தொடங்கும் மென்பொருள். செஷன் பக்கத்தில் வீட்டின் டைனமிக் டிஎன்எஸ் பெயர், போர்ட் 443. இடப்பக்கப் பட்டியலில் கனெக்ஷன், அதற்குள் ப்ராக்ஸி. வகை எச்டிடிபி. ப்ராக்ஸியின் பெயரும் போர்ட்டும் விண்டோஸ் ப்ராக்ஸி அமைப்பில் இருப்பதையே எழுதுங்கள். பெரும்பாலும் 3128 அல்லது 8080. அதே பக்கத்தில், பெயர் தேடலை ப்ராக்ஸி முனையில் செய்யவா என்று ஒரு கேள்வி இருக்கும். 'யெஸ்' வையுங்கள். காலை வாரும் என்று சொன்ன இடம் இதுதான்: உங்கள் கணினிக்கு வெளிப் பெயர்கள் தெரியாது, ப்ராக்ஸிக்குத்தான் தெரியும். இதை விட்டுவிட்டால் இணைப்பு கிளம்புவதற்கு முன்பே 'ஹோஸ்ட் இல்லை' என்று நின்றுவிடும்.

கனெக்ஷன் பக்கத்தில் கீப்அலைவ் நொடிகள் 0 என்று இருக்கும், 60 ஆக்குங்கள். ஐந்து, பத்து நிமிடம் எதுவும் பேசாத இணைப்பை ப்ராக்ஸிகள் வெட்டிவிடும்.

பிறகு டனல்ஸ் பக்கம். சோர்ஸ் போர்ட் 3390, போய்ச் சேர வேண்டிய இடம் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 3389. லோக்கல்ஹோஸ்ட் என்றால் 'இதே கணினி'. இங்கே அது வீட்டுக் கணினியின் பார்வையில் உள்ள லோக்கல்ஹோஸ்ட். எல்லோரும் குழம்பும் இடம். உங்கள் பக்கம் 3389 என்றே வைத்தால் அலுவலக விண்டோஸின் சொந்தக் கதவோடு மோதலாம் என்பதால் 3390. புட்டியில் நுழைந்த பிறகு ரிமோட் டெஸ்க்டாப்பில் 127.0.0.1, முக்காற்புள்ளி, 3390 என்று அடித்தால் வீட்டுத் திரை வரும். வீட்டில் விண்டோஸ் ஹோம் பதிப்பு என்றால் வராது. ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்கும் வசதி புரோ போன்ற மேல் பதிப்புகளில்தான் உண்டு. ஹோம் வைத்திருப்பவர்கள் விஎன்சி போட்டு, 3389-க்குப் பதில் 5900 கொடுக்கலாம்.

இவ்வளவு சுற்று எதற்கு, 3389-ஐயே நேராக இணையத்துக்குத் திறந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். 2019 மே மாதம் வெளியே தெரிந்த ப்ளூகீப் என்ற ஓட்டை, விண்டோஸ் 7 போன்ற பழைய பதிப்புகளில் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே நுழைய விட்டது. ரிமோட் டெஸ்க்டாப் கதவு எப்போதும் இன்னொரு கதவுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

நடுவில் சந்திப்பது

சிஜிநாட் உள்ளவர்களுக்கும், ரவுட்டரைத் தொடப் பயப்படுபவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. இரண்டு வீட்டிலும் வெளியாளை உள்ளே விட மாட்டார்கள் என்றால் இருவரும் கிளம்பிப்போய் மின்ட் பஸ் நிலையத்தில் சந்திப்பதில்லையா, அது போலத்தான். வீட்டுக் கணினி 443 வழியாக ஒரு நடுச் சர்வருக்குப் போய்க் காத்திருக்கிறது. அலுவலகக் கணினியும் அதே சர்வருக்கு 443 வழியாகப் போகிறது. இரு பக்கமும் பேச்சைத் தொடங்கியது உள்ளே இருப்பவர்தான், ஆகவே இரண்டு கேட்டிலும் தடையில்லை. குரோம் ரிமோட் டெஸ்க்டாப், எனிடெஸ்க் போன்றவை இந்த அடிப்படையில் இயங்குபவை. புதியவர்களுக்கு குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பைச் சொல்வோம்: அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசர் போதும், வீட்டுக் கணினிக்குக் குறைந்தது 6 இலக்க பின் எண் (PIN) வைத்தாக வேண்டும். அந்தக் கூகுள் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம்.

இவை முதலில் இரு கணினிகளையும் நேராகச் சேர்க்கப் பார்க்கும். அலுவலகம் அதை விடாவிட்டால் நடுச் சர்வர் வழியாகவே எல்லாம் ஓடும், கொஞ்சம் மந்தமாக இருக்கும். 1920-க்கு 1080 அளவுள்ள ஒரு முழுத் திரையைச் சுருக்காமல் அனுப்பினால் ஏறத்தாழ 62 லட்சம் பைட். மென்பொருள் மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புவதால்தான் தாக்குப்பிடிக்கிறது. அனுப்புவது வீடு, ஆகவே பார்க்க வேண்டியது வீட்டு இணைப்பின் அப்லோட் வேகம். வால்பேப்பரை எடுத்துவிட்டு, திரை அளவைக் குறைத்தால் கண்கூடாக மாறும்.

எனிடெஸ்க் போன்றவற்றில் திரையில் தோன்றும் எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது என்பதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அந்த 9 இலக்க எண்ணை வாங்கிக் கணக்கைத் துடைப்பவர்களைப் பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது.

கரன்ட்டும் உப்புக்காற்றும்

தூங்கும் கணினி போனை எடுக்காது. பவர் அமைப்பில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். திரை மட்டும் அணையலாம். சும்மா இருக்கும் டெஸ்க்டாப் 60 வாட் எடுக்கிறது என்று வைத்தால், ஒரு நாள் முழுக்க ஓட 1.44 யூனிட். கரன்ட் போய் வந்தால் தானாக எழும்படி, கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் ஏசி பவர் திரும்பினால் ஆன் ஆகும் அமைப்பைத் தேடி வையுங்கள். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் போதும். அவை இரண்டு பெட்டிகளா ஒரே பெட்டியா என்று பார்த்து வாங்குங்கள்.

எப்போதும் ஓட வேண்டாம் என்றால் வேக் ஆன் லேன், அதாவது தூங்கும் கணினியை நெட்வொர்க் வழியாக எழுப்புவது. 102 பைட் கொண்ட ஒரு பாக்கெட், அதில் கணினியின் மேக் முகவரி (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) 16 முறை எழுதியிருக்கும். அது வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டுமே சுற்றும் என்பதால், அனுப்ப ராஸ்பெர்ரி பை போல எப்போதும் விழித்திருக்கும் சின்னக் கருவி ஒன்று வீட்டில் வேண்டும். கணினியை வைஃபையில் விடாமல் கேபிளில் மாட்டுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரமாக இருப்பவர்கள் அந்தக் கேபிள் முனையை அவ்வப்போது கழற்றிப் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் பித்தளை நிறம் மங்கிப் பச்சை பூத்திருந்தால் இணைப்பு விட்டு விட்டு வரும்; முனையை மாற்றிவிடுவதே மருந்து. தரைத்தளத்தில் இருந்தால் சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள், டிசம்பர் மழை வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்து வராது.

எங்கே அறுந்தது?

ப்ராக்ஸி தரும் எண்ணைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். 403 என்றால் விதி தடுக்கிறது: போர்ட் அல்லது முகவரி அனுமதிப் பட்டியலில் இல்லை. 407 என்றால் ப்ராக்ஸி உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. பிரவுசர் விண்டோஸ் லாகினை வைத்துச் சத்தமில்லாமல் பதில் சொல்லிவிடுவதால் அங்கே தெரியாது. புட்டியில் நீங்களே எழுத வேண்டும், என்டிஎல்எம் (விண்டோஸ் லாகினை வைத்துச் சரிபார்க்கும்) வகை என்றால் புட்டி கைவிரித்துவிடும். 502, 504 என்றால் ப்ராக்ஸி உங்களை விட்டுவிட்டது, வீடுதான் கதவைத் திறக்கவில்லை. இணைந்த பிறகு கறுப்புத் திரை மட்டும் வந்தால், வீட்டில் மானிட்டர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். மானிட்டரே இல்லாத கணினிக்கு எச்டிஎம்ஐ டம்மி பிளக் ஒன்று மாட்ட வேண்டியிருக்கும்.

எதுவுமே புரியாதபோது, மாலையில் வீட்டுக்குப் போய் ஈவென்ட் வியூவரில் ஓப்பன்எஸ்எஸ்எச் பதிவைத் திறந்து, மதியம் நீங்கள் முயன்ற அதே நிமிடத்தைத் தேடுங்கள். அங்கே உங்கள் அலுவலகத்தின் பொது முகவரி பதிந்திருந்தால் தட்டல் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது, பெரும்பாலும் சாவியில்தான் கோளாறு. பதிவே இல்லை என்றால் தட்டல் வீட்டு வாசலுக்கே வந்து சேரவில்லை. ரவுட்டரின் வேன் பக்கத்தைத் திறந்து, காலையில் எழுதி வைத்த முகவரி மாறிவிட்டதா என்று முதலில் பாருங்கள்.